மூன்றாவது இஞ்செக்டர்

ஜூலை 17, புதன். ஆடி 1

பம்ப் கம்பெனியில் மோட்டார் காயில் சுற்றிய இருபத்திரண்டு வருஷமும் தினம் வேலைக் குறிப்பு எழுதினேன். என்ன பழுது, என்ன செய்தேன், என்ன பாக்கி. போன வருஷம் வேலையை விட்டதோடு எழுதுவதும் நின்றது. இன்று மறுபடி ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். இது காருக்கான குறிப்பு. வேறு எதுவும் இதில் எழுதுவதாக இல்லை.

ஆடி பிறந்துவிட்டதால் இனி ஒரு மாதத்துக்கு யாரும் வீடு மாற மாட்டார்கள். மேல் வீட்டில் கோகிலவாணி கட்டிவைத்த அட்டைப்பெட்டிகள் படிக்கட்டிலேயே கிடக்கின்றன. கிடக்கட்டும், எனக்கென்ன. கோகிலவாணி என் கொழுந்தனார் மயில்சாமியின் மனைவி. மேலே அவர்கள், கீழே நாங்கள். வாசல் ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, கார் ஒன்று. அவளும் நானும் பேசி எட்டு மாதம் ஆகிறது. ஆவணி ஆறாம் தேதி முகூர்த்தத்தில் அவர்கள் சரவணம்பட்டிப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போகிறார்கள்.

காரை என்ன செய்வது என்று அண்ணனும் தம்பியும் நேற்று பேசினார்கள். கிளம்பாத கார் எதற்கு, ஆடி முடிந்ததும் பழைய இரும்புக்குத் தள்ளிவிடலாம் என்று முடிவாம். டயருக்கடியில் புல் முளைத்துவிட்டது. காலையில் பானெட்டைத் திறந்து பார்த்தேன். சும்மாதான்.

ஜூலை 18, வியாழன்

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, காரை நானே சரி பண்ணிப் பார்க்கறேன்."

"மெக்கானிக்கைக் கூப்புட்டா ஆகாதா?"

"அவன் கட்டி இழுத்துட்டுப் போயி ஒரு மாசம் போட்டு வெப்பான். ஆடி முடிஞ்சு போயிரும்."

"ஆடி முடிஞ்சா என்ன?"

"ஒண்ணுமில்லீங்க. ரசம் ஊத்தட்டுங்களா?"

இவர் முப்பது வருஷமாக அரசு பஸ்ஸில் நடத்துனர். விசில் ஊதத் தெரியும், ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. கொழுந்தனாருக்கு சைக்கிளோடு சரி. எனக்கும் ஓட்டத் தெரியாது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து லைசென்ஸ் வைத்திருப்பவள் ஒருத்திதான்.

அந்தச் சங்கதியையும் எழுதிவைக்கிறேன். பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது பாருங்கள். போன கார்த்திகையில் கோகிலாவின் சொந்தத்தில் உடுமலையில் ஒரு கல்யாணம். அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் நான், பின்னால் அவள் அம்மா, அண்ணன், அண்ணி. திரும்பும்போது நல்ல மத்தியானம். பொள்ளாச்சி தாண்டியதிலிருந்தே வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. ஒத்தக்கால்மண்டபம் சிக்னலில் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் இரண்டு பஸ் விடாமல் ஹாரன். எனக்கு வெயில், பசி, எரிச்சல். "ஓட்டத் தெரியாதவ கையில சாவியக் குடுத்தா இப்படித்தான் நடு ரோட்டுல நிக்கோணும்" என்று வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான் சொன்னேன். கிளட்சை அவள் ஒழுங்காக விடவில்லை, வண்டி வெட்டியது, உள்ளதைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் சாவியை எங்கள் ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு மேலே போனாள். அதற்குப் பிறகு காரையும் தொடவில்லை, என்னிடமும் பேசவில்லை. யார் முதலில் பேசுவது என்று நானும் இருந்துவிட்டேன்.

ஜூலை 20, சனி

வேலை: பேட்டரி சார்ஜ் ஏற்றி வந்து மாட்டினேன். டேங்கில் இருந்த பழைய பெட்ரோலைக் கைப்பம்ப்பால் இறைத்தேன். வார்னிஷ் வாடை அடித்தது. காயில் சுற்றி வார்னிஷ் தொட்டியில் முக்கியே பாதி ஆயுளைக் கழித்தவள் நான், அந்த வாடை எனக்குத் தெரியாதா? பெட்ரோல் கெட்டுப்போய்ப் பிசினாகிவிட்டது.

புதுப் பெட்ரோல் ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிவிட்டது. பிளக்கில் பொறி வருகிறது, பெட்ரோலைத் தள்ளும் பம்ப் ஓடும் சத்தமும் கேட்கிறது. ஆகவே இஞ்செக்டர்தான். பெட்ரோலைப் பூந்தூறலாகத் தூவி விடுகிற விரல் நீளச் சாமான் அது. சிலிண்டருக்கு ஒன்று, மொத்தம் நாலு. அடைத்துக்கொண்டால் வண்டி கிளம்பாது. உள்ளே ஒரு குட்டி காயில் இருக்கிறதாம். அதைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, காயில் என்றால் நம்ம ஆள்.

நான் குனிந்து கிடந்தபோது கோகிலா துணி காயப்போட வந்தாள். என்னைப் பார்க்காமல் காரைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏ காரு, வயித்தைத் திறந்து வெக்கறதுக்கு முந்தி பேட்டரி வயரைக் கழட்டோணும்னு உனக்கு யாரும் சொல்லலியா?"

கழற்றத்தான் மறந்திருந்தேன். உடனே கழற்றவில்லை. அவள் மேலே போகும்வரை பொறுத்திருந்து கழற்றினேன்.

ஜூலை 22, திங்கள்

இஞ்செக்டர் நாலும் வெளியே வந்துவிட்டன!

முதலில் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினைச் சுற்றவிட்டேன், குழாயில் நின்ற அழுத்தம் போகட்டும் என்று. பிறகுதான் பேட்டரி வயர். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் அடியில் பெட்ரோல் குழாய், அதன் கீழே நாலும் வரிசையாக. எந்த வயர் எதற்கு என்று குழம்பாமல் இருக்க ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். ஒன்றுக்குச் சிவப்பு, இரண்டுக்கு மெரூன், மூன்றுக்குக் கறுப்பு, நாலுக்குப் பச்சை. இவர் பார்த்துவிட்டு, "வளைகாப்பு எப்ப?" என்று கேட்டுக்கொண்டே டியூட்டிக்குப் போனார்.

இரண்டாவது போல்ட் கை நழுவி மண்ணில் விழுந்தது. கால் மணி நேரம் தவழ்ந்து தேடினேன். மேலே மாடியிலிருந்து குரல்.

"ஏ காரு, கழட்டற சாமானை எல்லாம் ஒரு தட்டுல போட்டா இப்படி மண்ணு கிளறோணுமா?"

நிமிர்ந்தபோது மதில்மேல் ஒரு எவர்சில்வர் தட்டு இருந்தது, எப்போது வந்து வைத்தாளோ. நானும் விடவில்லை. "தட்டு வந்து என்ன காரு பிரயோசனம்? விழுந்ததை எடுக்க ஒரு காந்தம் இருந்தாத் தேவலை." அரை நிமிஷத்தில் தட்டில் டங்கென்று ஒரு காந்தம் விழுந்தது. அவள் மேலே தையல் தைக்கிறாள், கீழே விழும் ஊசி பொறுக்க வைத்திருப்பது. போல்ட் கிடைத்துவிட்டது.

நன்றியைக் காரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

ஜூலை 24, புதன்

வேலை: நாலு இஞ்செக்டரின் காயிலையும் மீட்டரில் பார்த்தேன். நாலும் பன்னிரண்டு ஓம். கம்பி அறாமல் இருந்தால் மீட்டர் கத்தும், நாலுக்கும் கீ என்று கத்தியது. நல்ல காயில்.

கம்பெனியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காயிலைக் குளிர்ச்சியில் மட்டும் பார்த்து அனுப்ப மாட்டோம், சூடாக்கியும் பார்ப்போம். சில கம்பி உள்ளே விண்டிருக்கும். ஆறிக் கிடக்கும்போது ஒட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும், சூட்டில் விலகிவிடும். கை சும்மா இருக்காமல் ஒவ்வொன்றாகப் பாலித்தீன் பையில் கட்டிக் கொதிக்கிற தண்ணீர் டம்ளரில் இறக்கினேன். முதலாவதும் இரண்டாவதும் நாலாவதும் விடாமல் கத்தின. கறுப்புப் பொட்டு வைத்த மூன்றாவது, இரண்டு நிமிஷத்தில் வாயை மூடிக்கொண்டது. வெளியே எடுத்து ஆறவிட்டேன், கத்தியது. மறுபடி இறக்கினேன், நின்றது. மூன்று தரம் பார்த்துவிட்டேன்.

கார் சும்மா நின்றால் பிசின் அடைக்கும். கம்பி விண்டுபோகாது. இது ஓடும்போதே வந்த பழுது, பழைய பழுது. வண்டி குளிர்ச்சியில் நன்றாக ஓடும். நெடுந்தூரம் போய் இன்ஜின் சூடேறினால் ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கும், வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓட வேண்டிய இடத்தில், அதாவது சிக்னல் போன்ற இடத்தில், அணைந்துவிடும்.

கிளட்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு மேல் எழுத இன்று நேரமில்லை. முருங்கைக்காய் நறுக்க வேண்டும்.

ஜூலை 25, வியாழன்

தூறல். வேலை ஒன்றும் இல்லை. முருங்கைக்காயும் இல்லை.

ஜூலை 26, ஆடி வெள்ளி

மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் கோகிலா. அவள் பின்னலில் ஒரு நூல் ஒட்டியிருந்தது. வழக்கமாக எடுத்துவிடுவேன். கை நீண்டது, மடக்கிக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது அவள் சொம்பு நிறைந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மத்தியானம் காரிடமாவது சொல்லிவைக்கலாம், அவள் காதில் விழட்டும் என்று தோன்றியது. கொடிப்பக்கம் நிழல் அசைந்தது. "ஏ காரு, அன்னிக்கு நீ நின்னது உன்ற மூணாவது இஞ்செக்டராலதான். ஓட்டுனவ மேல தப்பில்ல. சொன்ன வாய்தான் தப்பு" என்று தொண்டையைச் சரிசெய்து நன்றாகவே சொன்னேன். எட்டிப் பார்த்தால் கொடியில் கொழுந்தனாரின் லுங்கி ஆடிக்கொண்டிருந்தது. கோகிலா ரேஷன் கடைக்குப் போயிருந்தாளாம்.

ஜூலை 30, செவ்வாய்

ஸ்பேர்ஸ் கடையில் புது இஞ்செக்டர் நாலும் ரப்பர் வளையங்களும் வாங்கினேன். கடைக்காரர், "வண்டியைக் கொண்டாரச் சொல்லுங்க, உங்க வீட்டுக்காரர்கிட்ட" என்றார். வீட்டுக்காரருக்கு இது என்ன சாமான் என்றே தெரியாது என்று சொன்னேன். அவர் சிரித்து, வளையத்தை எண்ணெய் தடவாமல் மாட்டாதீர்கள், நசுங்கினால் பெட்ரோல் கசியும் என்று எச்சரித்து அனுப்பினார்.

பழைய மூன்றாவதைத் தூக்கிப் போடவில்லை. உப்புப் பாட்டிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப் பதினெட்டு

நோம்பி நாளில் ஸ்பேனர் பிடிக்கக்கூடாது என்று இவர் உத்தரவு. சாயங்காலம் வாசலுக்கு வந்தால் காரின் பானெட்டின்மேல் மூடிபோட்ட தூக்குப்போசி. மாடியிலிருந்து, "ஏ காரு, நோம்பியும் அதுவுமா வயித்தைத் திறந்து போட்டுட்டுப் பட்டினி கெடக்காத" என்று சத்தம். உள்ளே எலுமிச்சைச் சாதம். நிலக்கடலையை வறுத்து நிறையப் போட்டிருந்தாள். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். காருக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை.

போசியைக் கழுவி, அச்சு முறுக்கு போட்டுப் படிக்கட்டில் வைத்தேன். வெறும் பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை, அதனால்தான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

காலையில் புது இஞ்செக்டர் நாலையும் உட்கார்த்திக் குழாயை மாட்டி வயர்களைச் சொருகினேன். கிளப்புவதற்கு முன் கசிவு பார்க்க வேண்டும். சாவியைப் பாதி திருப்பினால் பம்ப் ஓடி அழுத்தம் ஏறும், அப்போது குழாயருகே ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. இவர் டியூட்டியில். நான் காரிடம், "சாவி திருப்ப ஒரு ஆளில்லாம நிக்கிறயே" என்றேன்.

கோகிலா இறங்கி வந்தாள். ஜன்னல் கட்டையிலிருந்து சாவியை எடுத்தாள். எட்டு மாதத்துக்கப்புறம் அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள், ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் பாதிக் கவனம் போய்விட்டது என்பதும் உண்மை.

அவள் சாவியைத் திருப்பினாள். இரண்டாவது இஞ்செக்டரின் தலையில் பெட்ரோல் கசிந்தது. வளையம் நசுங்கியிருக்கிறது. நான் கத்தினேன்:

"ஏ காரு, போதும், நிப்பாட்டு!"

பழக்கதோஷம். இரண்டு வாரமாகக் காரைத்தானே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அவளோ, நான் காரைத்தான் ஏதோ வைகிறேன் என்று நினைத்து மறுபடி திருப்பினாள். பெட்ரோல் சர்ரென்று பீய்ச்சி என் கையிலும் சேலையிலும் அடித்தது. வாடை அவள் மூக்குக்குப் போன பிறகுதான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்தாள். என் கையைப் பிடித்து இழுத்துக் குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள்.

"உங்களுக்கு அறிவிருக்குதாக்கா? பெட்ரோலு பீச்சி அடிக்குது, காருகூடப் பேசிட்டு நிக்கறீங்க? கோகிலான்னு ஒரு வார்த்தை கூப்புட்டா வாயா தேஞ்சு போகும்?"

"இல்ல கோகிலா, அது வந்து..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. சேலைய மாத்துங்க. அடுப்புப் பக்கம் போயிராதீங்க. கண்ணுல பட்டுதா? காட்டுங்க. படல. நல்ல வேளை."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொம்பை வைத்துவிட்டுக் காரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஏ காரு, நான் பேசலைன்னு சொல்லிப்போடு. இது திட்டுனது. திட்டறதெல்லாம் பேச்சுல சேராது."

மேலே போய்விட்டாள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பொறி ஒன்று விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாவி அவள் கையில் இருந்தது, அவளும் அந்த வண்டிக்குள்தான் இருந்தாள். அந்த நேரத்திலும் நான் வீம்பைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

எல்லாவற்றையும் கழற்றி, சிந்திய பெட்ரோலை இரண்டு நாள் உலரவிட்டு, எண்ணெய் தடவிப் புது வளையம் போட்டு மாட்டினேன். கசிவு இல்லை. இன்று காலை கார் கிளம்பிவிட்டது!

முதலில் ஒரு உறுமல், பின்னால் கொஞ்சம் புகை, பிறகு தையல் மிஷின் மாதிரி சீரான சத்தம். இவர் விசிலை எடுத்து இரண்டு தரம் ஊதினார். கொழுந்தனார் லுங்கியோடு ஓடிவந்து, "அண்ணி, சாதிச்சுப்போட்டீங்க!" என்றார். கோகிலா மாடியில் நின்று பார்த்தாள். முகத்தில் வெளிச்சம் இருந்தது, நான் பார்த்தேன்.

அந்தத் தெம்பில் சாவியை எடுத்து மேலே நீட்டி, "ஏ காரு, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமே, ஓட்டற ஆளைக் கேளு" என்றேன்.

அவள் காரைப் பார்த்து அமைதியாகச் சொன்னாள்.

"ஓட்டத் தெரியாதவ கையில எதுக்கு காரு சாவி? மறுபடியும் நடு ரோட்டுல நிக்கறதுக்கா?"

எட்டு மாதமாக ஒரு எழுத்துகூட மாறாமல் வைத்திருக்கிறாள். நீட்டிய சாவியைத் திரும்ப ஜன்னல் கட்டையிலேயே வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கார் ஓடினால் அவள் போகமாட்டாள் என்று நினைத்துத்தான் இதையெல்லாம் செய்தேன். எழுதிவிட்டேன், போதும். இரும்புக்குப் போகிற கார்மேல் எனக்கென்ன அக்கறை.

இவரிடம் மூன்றாவது இஞ்செக்டரின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "படியேறிப் போயிச் சொல்லிப்போடு. பதினாலு படி" என்றார்.

"அவளுக்கு மட்டும் சொன்னாப் போதுங்களா? அன்னிக்கு அவ அம்மா, அண்ணன், அண்ணியெல்லாம் இருந்தாங்க. நாலு பேருக்கு முன்னால பேசிப்போட்டு, தனியா வந்து காதுல சொன்னா அது நியாயமா?"

"அவங்க வீடு மாத்தறதுக்கு முதநாளே வர்றாங்க, மயிலு சொன்னான். அப்பச் சொல்லு."

பன்னிரண்டு நாள் இருக்கிறது. என்ன சொல்வது என்று இப்போதே ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 17, சனி. ஆவணி 1

ஆடி போய்விட்டது. படிக்கட்டில் பெட்டி பதினொன்று.

ஆகஸ்ட் 21, புதன்

உடுமலையிலிருந்து மூன்று பேரும் பத்து மணிக்கு வந்தார்கள். கோகிலாவின் அம்மா ராமாத்தாள், அண்ணன் தண்டபாணி, அவர் மனைவி. பெட்டிகளை வாசலில் இறக்கி, எல்லோரும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர், கொழுந்தனார், கோகிலா எல்லோரும் இருந்தார்கள். இதைவிட நல்ல நேரம் வராது.

நான் கொதிக்கிற தண்ணீர் டம்ளர், மீட்டர், பாலித்தீன் பையில் கட்டிய மூன்றாவது இஞ்செக்டர் மூன்றையும் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்து பானெட்டின்மேல் வைத்தேன்.

ராமாத்தாள் அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன அம்மிணி, டம்ளர்ல என்னத்தையோ வேக வெக்கற?"

"சித்த பாருங்கம்மா. எல்லாரும் பாருங்க."

மீட்டரை வைத்தேன், கீ என்று கத்தியது. தண்ணீரில் இறக்கினேன், கத்திக்கொண்டே இருந்தது. எல்லோரும் காப்பியை மறந்து பார்த்தார்கள். இரண்டு நிமிஷம் ஆனது. சத்தம் நின்றது.

"இதுதானுங்க அன்னிக்கு ஒத்தக்கால்மண்டபத்துல வண்டிய நிறுத்துச்சு. சூடேறினா செத்துப்போகும், ஆறினா பொழைச்சுக்கும். கோகிலா மேல ஒரு தப்பும் இல்ல. ஓட்டத் தெரியாதவன்னு உங்க முன்னால சொல்லிப்போட்டேன். உங்க முன்னாலயே அதைத் திருப்பி எடுத்துக்கறேன். இந்தப் பழுதோட பொள்ளாச்சியிலிருந்து அந்தச் சிக்னல் வரைக்கும் வண்டியக் கொண்டாந்தது அவ கெட்டிக்காரத்தனம். இது எனக்கு ஆடி எட்டாந்தேதியே தெரிஞ்சு போச்சு. இத்தனை நாள் சொல்லாம வெச்சிருந்தேன். அதுக்கும் சேர்த்து மன்னிச்சுக்க, கோகிலா."

காரைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னேன்.

ராமாத்தாள் அம்மா, "அன்னிக்கா? நீ என்ன அம்மிணி சொன்ன? எனக்கு ஒண்ணுக்கு முட்டிட்டு இருந்துச்சு. வூடு எப்ப வரும்னு பாத்துட்டிருந்தேன். வேற ஒண்ணும் நாபகமில்ல" என்றார். தண்டபாணி, "நான் தூங்கிட்டிருந்தனுங்க" என்றார். அவர் மனைவி, "ஹாரன் சத்தத்துல எனக்கொண்ணும் கேக்கலீங்" என்றாள்.

நான் டம்ளரும் கையுமாக நின்றேன். பன்னிரண்டு நாள் ஒத்திகை பார்த்ததெல்லாம் இவர்களுக்காகவா?

"எனக்குக் கேட்டுச்சும்மா" என்றாள் கோகிலா.

சத்தமில்லாமல்தான் சொன்னாள். வாசலில் எல்லோருடைய முகமும் மாறிவிட்டது. அவள் எழுந்து வந்து, மீட்டரின் கம்பியை என் கையிலிருந்து வாங்கினாள். ஆறிக்கொண்டிருந்த இஞ்செக்டரில் தானே வைத்துப் பார்த்தாள். கத்தியது.

"ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்குதுன்னு அன்னிக்கே எனக்குக் காலுல தெரிஞ்சுதுங்க்கா."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"நான் சொன்னா அது சாக்கு. நீங்க சொன்னாத்தான் அது நெசம். காயிலப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? எப்பக் கண்டுபுடிப்பீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன். இத்தனை நாளாக்கிப்போட்டீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ராமாத்தாள் அம்மா, நல்ல காரியத்துக்கு முதல் நாள் இரண்டு பேரும் எதற்கு அழுகிறீர்கள் என்று சத்தம் போட்டார். நான் இவரையும் கொழுந்தனாரையும் பார்த்து, கார் ஓட்டத் தெரிந்தவளிடமே இருக்கட்டும், பழைய இரும்புப் பேச்சு இனி இந்த வாசலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் உடனே தலையாட்டினார்கள்.

பிறகு நெஞ்சில் இருந்ததைக் கேட்டேன். "அப்ப நாளைக்குப் போக வேண்டாமல்ல, கோகிலா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அதெப்படிங்க்கா? அவருக்கு ஆபீஸ் அங்க பக்கம். தைக்கறதுக்குத் தனி ரூம் இருக்குது. போறது போறதுதான்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நேத்து வரைக்கும் கோவிச்சுக்கிட்டுப் போறதா இருந்துச்சு. இப்பச் சும்மா போறோம்."

ஆகஸ்ட் 22, வியாழன்

லாரி முன்னால் போனது. அதில் கொழுந்தனாரும் தண்டபாணியும். காரில் கோகிலா ஓட்ட, மடியில் பால் குண்டாவோடு நான் பக்கத்தில். பின்னால் அவள் அம்மா, அண்ணி, இவர்.

தெருமுனை திரும்பியதுமே ஆரம்பித்துவிட்டேன். முன்னால் வேகத்தடை, கியரைக் குறை, அந்த ஆட்டோக்காரன் திரும்பப் போகிறான் பார், சிக்னல் மஞ்சள் விழுந்தாச்சு, பால் தளும்புது, தண்ணி குடிக்கிறயா, அந்த ஜவுளிக் கடையில் தள்ளுபடி போட்டிருக்கான், ஞாயிற்றுக்கிழமை வந்தா போகலாம், தையல் ரூமுக்குத் திரை வாங்கினாயா, வாங்காதே என்கிட்ட இருக்குது.

காந்திபுரம் பாலத்துக்குக் கீழே அவளுக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் பேசாம வாங்க."

சரவணம்பட்டி வரைக்கும் நான் வாயை மூடவில்லை.